வெறுங்கையும் வேண்டாம், கடனும் வேண்டாம்

 

சென்ற மாதம் நமது அறக்கட்டளை அலுவலகத்துக்கு ஒரு சகோதரர் வந்து, வட்டியில்லாக் கடனாக 5,000 ரூபாய் கேட்டார். மருத்துவச் செலவா, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமா என்று விசாரித்தேன். தயங்கித் தயங்கிச் சொன்னார்: "குற்றாலத்துல என் கூட்டாளி ஒரு வீடு வாங்கியிருக்கார், காக்கா. சீசனுக்குக் குடும்பத்தோட வந்து தங்கச் சொல்றார். அவர் வசதிக்குத் தகுந்த மாதிரி ஒரு பொருள் கொண்டுபோகாட்டி, வீட்டுல உள்ளவங்களுக்குத் தலைகுனிவா இருக்கும்."

அந்தக் கடனை நாம் கொடுக்கவில்லை. ஆனால் அவரைச் சும்மா அனுப்பவும் இல்லை. உட்காரவைத்துப் பேசினோம். பேசியதை அவருடைய அனுமதியோடு இங்கே எழுதுகிறேன். கோடை விடுமுறையிலும் சாரல் காலத்திலும் நண்பர்களின் மலை வீடுகளுக்குப் போகும் குடும்பங்கள் நம் மஹல்லாவில் இப்போது அதிகம்.

மார்க்கம் காட்டும் அளவு

ஹதியா கொடுப்பது உள்ளங்களில் நேசத்தை வளர்க்கும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். அண்டை வீட்டார் தருவது ஆட்டின் குளம்பாக இருந்தாலும் அதை அற்பமாக எண்ண வேண்டாம் என்ற உபதேசம் ஸஹீஹ் புகாரியில் உள்ளது. ஆக, பொருளின் விலை இங்கே அளவுகோல் அல்ல. கடன் வாங்கிக் கொடுக்கும் பொருளில் நேசத்தைவிடப் பெருமையே முன்னால் நிற்கிறது. அதைப் பெறுகிறவருக்கு உண்மை தெரிந்தால் அவர் மனமும் நோகும்.

விருந்து மூன்று நாள், அதற்கு மேல் கொடுப்பது ஸதகா என்பதும், விருந்தளிப்பவருக்குச் சிரமம் உண்டாகும்வரை விருந்தாளி தங்கக் கூடாது என்பதும் நாம் அறிந்த ஹதீஸ்தான். சொன்ன நாளில் புறப்படுவதே விருந்தாளி தரும் முதல் ஹதியா.

விடுமுறை வீட்டின் நிலை

நாம் வழக்கமாகப் போகும் உறவினர் வீடு வேறு, இது வேறு. வருடத்தில் பாதிக்கு மேல் பூட்டிக் கிடக்கும் வீடு இது. மலையடிவாரத்து ஈரத்தில் துணியும் மரமும் பூஞ்சை பிடிக்கும். பிரித்து வைத்த உணவுப் பொட்டலத்தை எறும்பும் எலியும் தேடி வரும். எனவே கண்ணாடி அலங்காரப் பொருள், பெரிய சுவர்ப்படம், மெத்தென்ற பொம்மை ஆகியவை அங்கே சுமைதான். நம் கடற்கரை ஊர்க் கருவாடு எவ்வளவு ருசியாக இருந்தாலும் பூட்டிய வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள். அடுத்த சீசன்வரை அதன் வாசம் உங்களை நினைவூட்டிக்கொண்டே இருக்கும்!

எவை பயன்படும்?

1. அங்கேயே உண்டு முடிக்கும் பொருள். மங்குஸ்தானும் ரம்புத்தானும் குற்றாலத்திலேயே கிடைப்பவை. அவற்றை வாங்கிக்கொண்டு போவதில் புதுமை இல்லை. நம் ஊர்த் தொதல், வீட்டில் செய்த முறுக்கு என்று அங்கே கிடைக்காததைக் கொண்டுபோங்கள். வீட்டில் சர்க்கரை நோயாளி உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

2. ஒரு வேளைச் சமையல். ஒரு நாள் பகல் சாப்பாட்டை நாமே பொருள் வாங்கிச் சமைத்து, வீட்டாரை உட்காரவைத்துப் பரிமாறலாம். நண்பர் வீடு சைவமாக இருந்தால் இறைச்சி, மீனை உள்ளே கொண்டுபோகவே வேண்டாம். காய்கறிக் குருமாவும் தேங்காய்ச் சோறும் போதும்.

3. வீட்டில் தங்கும் எளிய பொருள். குடை, டார்ச் விளக்கு, சீக்கிரம் உலரும் துண்டுகள், ஒரு பத்தமடைப் பாய். பத்தமடையில் கோரைப்பாய் நெய்வோரில் பெரும்பாலோர் நம் சமுதாயப் பெண்கள். பட்டுப்பாய் விலை கூடியது. சாதாரணக் கோரைப்பாய் நம் கைக்கு எட்டும். அதை வாங்கினால் இரண்டு வீடுகளுக்கு நன்மை. சாரல் ஈரத்தில் கெடாமல் இருக்க, காயவைத்துச் சுருட்டி வைக்கச் சொல்லுங்கள்.

4. தீர்த்ததை நிரப்புவது. நாம் இருக்கும்போது சமையல் எரிவாயு தீர்ந்தால் மாற்றுச் சிலிண்டருக்கான பணத்தை நாமே கொடுப்போம். அரிசி, சீனி, தேயிலையும் அப்படியே. ஏதேனும் உடைந்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுவோம்.

நண்பர் கையில் தங்கியதற்கென்று பணம் திணிக்காதீர்கள். அது விருந்தை வாடகையாக்கிவிடும்.

நான் செய்த தவறு

பல வருடங்களுக்கு முன் கல்லூரித் தோழர் ஒருவரின் மலை வீட்டில் நாங்கள் பதினொரு பேர் தங்கினோம். விலை உயர்ந்த கண்ணாடிப் பாத்திர செட் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் பெருமையோடு திரும்பினேன். அடுத்த முறை போனபோது அது பிரிக்காத பெட்டியிலேயே இருந்தது. அந்த வீட்டுக் காவலாளியின் மனைவி பேச்சுவாக்கில் சொன்னார், நாங்கள் விட்டுப்போன போர்வைகளை எல்லாம் துவைத்து, விடாத மழையில் அடுப்பங்கரையில் கொடி கட்டி ஆறு நாள் உலர்த்தினாராம். குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னார். அவருக்கு நாங்கள் பத்து ரூபாய்கூடக் கொடுக்கவில்லை. முகம்கூட எனக்கு நினைவில் இல்லை.

இரண்டு அண்டை வீட்டாரில் யாருக்கு ஹதியா கொடுப்பது என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கேட்டபோது, யாருடைய வாசல் உனக்கு அருகில் இருக்கிறதோ அவருக்கு என்று நபி (ஸல்) அவர்கள் பதில் சொன்னார்கள். மதரஸாவில் ஓதிய ஹதீஸ்தான். அந்த வீட்டில் எங்களுக்கு மிக அருகில் இருந்தது காவலாளியின் வாசல் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

ஆகவே ஹதியாவுக்கு என்று எடுத்துவைக்கும் தொகையில் ஒரு பங்கை வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்கு முதலிலேயே ஒதுக்குங்கள். நண்பரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அவர் கையிலேயே கொடுங்கள். புறப்படும் முன் போர்வைகளை மடித்து, குப்பையை அகற்றி, சமையலறையைக் கழுவிவிடுங்கள். நண்பர் வீட்டில் இல்லாமல் சாவி மட்டும் கொடுத்திருந்தால் இது இன்னும் முக்கியம்.

அந்தச் சகோதரர் கடன் வாங்காமலே போய்வந்தார். ஒரு பாய், இரண்டு குடைகள், ஒரு டப்பா தொதல், காவலாளிக்கு ஒரு தொகை. மூன்றாம் நாள் அஸருக்குப் பின் புறப்பட்டுவிட்டார்கள். பாயில் இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து படுத்தார்களாம். வரும்போது நண்பர் ஒரு பை நிறைய மங்குஸ்தான் கொடுத்தனுப்பியிருக்கிறார். அதில் நான்கு பழம் நமது அலுவலகத்துக்கும் வந்தது.

விருந்தளித்தவருக்காக துஆச் செய்வதும் சுன்னத். பணம் இல்லாதவரும் தரக்கூடிய ஹதியா அது. அவர்களுடைய ரிஸ்கில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக, ஆமீன்.