முதலாம் வருடத்துப் புள்ளிகள்

க.பொ.த. உயர்தரம் சித்தியடைந்து, பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான கடிதமும் வந்துவிட்டால், "பிள்ளை கரை சேர்ந்திட்டுது" என்று எமது குடும்பங்களில் சொல்வது வழக்கம். அரிவு வெட்டாத வயலை விட்டு, மாடு கன்றுகளை அவிழ்த்து விட்டு வெளியேறியவர்களுக்குக் கையோடு கொண்டு போகக்கூடிய முதுசொம் படிப்பு ஒன்றுதான். ஆகவே அந்த நிம்மதி நியாயமானதே. ஆயினும் கெட்டிக்காரர் என்று பெயரெடுத்த பிள்ளைகள் சிலர் முதலாம் வருடத்திலேயே சோர்ந்து, விரிவுரைகளுக்குப் போகாமல் விடுதி அறையில் முடங்கி, ஈற்றில் படிப்பைப் பாதியில் விட்டு வருகின்றனர். மூளை குறைந்ததால் அல்ல. அவர்களது மனதில் என்ன நடக்கின்றது, அதில் வீட்டார் செய்யக்கூடியது என்ன என்பதே இவ்விதழின் பாடம்.

ஊர்ப் பாடசாலையில் முதலாம் பிள்ளையாக நின்றவர், பல்கலைக்கழகத்தில் முதலாம் பிள்ளைகள் மட்டுமே நிறைந்த மண்டபத்தில் போய் அமர்கின்றார். மருத்துவம், விஞ்ஞானம் போன்ற துறைகளில் விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கின்றது. இடப்பெயர்வால் நாலைந்து பாடசாலை மாறிய பிள்ளை ஆய்வுகூடத்தை ஒழுங்காகக் கண்டிராது. முதற் சோதனையில் நாற்பது புள்ளி வருகின்றது. இந்த நாற்பதுக்கு இரண்டு விதமாகப் பொருள் கொள்ளலாம். "எனக்கு மூளை போதாது" என்பது ஒன்று. "இது புது இடம், புது மொழி, பழக நாளெடுக்கும்" என்பது மற்றது. ஒருவர் தம் தோல்விக்கு மாறாத காரணத்தைச் சொல்லிக்கொண்டால் முயற்சி நின்றுவிடும், மாறக்கூடிய காரணத்தைக் கண்டால் முயற்சி தொடரும் என்பதை பேணாட் வைனர் என்னும் அமெரிக்க உளவியலாளர் 1970களில் விளக்கினார்.

இதை இருவர் சோதித்தும் பார்த்தனர். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில், புள்ளி குறைந்து கவலையோடிருந்த முதலாம் வருட மாணவர் நாற்பது பேரை வில்சன், லின்வில் என்போர் தெரிந்தெடுத்தனர். அவர்களில் ஒரு பகுதியினருக்கு, பெரும்பாலானோரின் புள்ளிகள் முதலாம் வருடத்துக்குப் பின் ஏறுகின்றன என்ற தகவலைக் கொடுத்து, மூத்த மாணவர்கள் தம் அனுபவத்தைச் சொல்லும் ஒளிப்பதிவையும் காட்டினர். மற்றவர்களுக்கு இவை இல்லை. இரண்டாம் வருட முடிவில், தகவல் பெறாதவர்களில் 25 வீதமானோர் படிப்பை விட்டிருந்தனர். பெற்றவர்களில் 5 வீதத்தினரே விட்டிருந்தனர். 1982இல் வெளியான இந்த ஆய்வு சிறியது. இதை மட்டும் வைத்துப் பெரிய முடிவு கட்டுவது சரியல்ல. என்றாலும் இதே போக்கிலான பல ஆய்வுகள் பின்னர் நடந்தன.

நெல் நாற்றைப் பிடுங்கி நட்டால் சில நாட்கள் மஞ்சளடித்து நிற்கும் என்பதை உங்களுக்கு ஒருவரும் படிப்பிக்க வேண்டியதில்லை. வேர் பிடிக்கும்வரை பொறுத்திருக்கிறோம். நாற்றைக் குறை சொல்வதில்லை. பிள்ளை தொலைபேசியில் அழும்போது மட்டும் அந்தப் பொறுமை ஏனோ கைவிட்டுப் போகின்றது. "உன்னைப் படிப்பிக்க நாங்கள் பட்ட பாடு தெரியுமா?" என்கிறோம். அந்தப் பாடு பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். அதனாற்றான் அது நித்திரையின்றிக் கிடக்கின்றது.

எமது மாவட்டங்களின் பிள்ளைகளுக்கு இன்னொரு குத்தலும் உண்டு. இலங்கையில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு அனுமதி 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்குமாகப் பகிரப்படுகின்றது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா என்பன இந்த வசதி குறைந்த மாவட்டங்களுள் அடங்கும். "நீ கோட்டாவிலை வந்தனீதானே" என்று சக மாணவர் ஒருவர் விளையாட்டாகச் சொன்னால்கூட, இது எனக்குரிய இடமல்ல என்ற எண்ணம் பிள்ளையின் மனதில் முளைத்துவிடும். பிறகு வரும் ஒவ்வொரு குறைந்த புள்ளியும் அதற்குச் சாட்சியாகும்.

இத்தகைய எண்ணத்தையே வோல்ற்றன், கோஹென் என்போர் ஆராய்ந்து 2011இல் வெளியிட்டனர். ஆரம்பத்தில் எல்லா இன மாணவர்களுமே "நான் இங்கு பொருந்துவேனா" என்று அஞ்சியதையும், அது காலத்தோடு நீங்கியதையும் ஏறத்தாழ ஒரு மணித்தியாலப் பயிற்சியில் முதலாம் வருட மாணவருக்கு உணர்த்தினர். அடுத்த மூன்று வருடங்களில், அப்பயிற்சி பெற்ற கறுப்பின மாணவருக்கும் வெள்ளையின மாணவருக்கும் இடையிலான புள்ளி வித்தியாசம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

அல்பேட் பண்டூராவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்து, காட்டு நிலத்தைத் திருத்திக் கமம் செய்த பெற்றோருக்கு 1925இல் பிறந்தவர் இவர். அவரது ஊரின் ஒரே பாடசாலையில் மேல்வகுப்புப் பாடங்கள் முழுவதையும் இரண்டே ஆசிரியர்கள் கற்பித்தனர். உலகறிந்த உளவியலாளராகி 2021இல் மறைந்த அவர், "இந்தக் காரியத்தை என்னால் செய்ய முடியும்" என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகின்றது என்பதை 1977இல் விளக்கினார். அதற்கு நான்கு ஊற்றுக்களைக் குறிப்பிட்டார். அவற்றுள் வலிமையானது, தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவம். அடுத்தது, தன்னைப் போன்ற ஒருவர் செய்து முடிப்பதைக் காண்பது. பிறரின் ஊக்க வார்த்தையும் உடலின் நிலையும் மற்றைய இரண்டு.

எமது வீடுகளில் அதிகம் செலவாவது ஊக்க வார்த்தை. புத்திமதி வேண்டிய அளவு கொடுக்கிறோம். செய்து பார்க்கும் சந்தர்ப்பந்தான் குறைவு. ஆங்கிலத்தில் தடுமாறும் பிள்ளைக்கு "நம்பிக்கையோடு படி" என்பதிலும் பார்க்க, நாளுக்கு ஒரு பக்கம் வாசித்துப் பத்துச் சொற்களைக் கொப்பியில் எழுதும்படி சொல்வது பயன் தரும். ஒரு மாதத்தில் அந்தக் கொப்பியே அதற்குச் சாட்சியாக நிற்கும். உங்கள் ஊரிலிருந்து போய் இப்போது மூன்றாம் வருடத்தில் படிக்கும் ஒருவரோடு தொடர்பை ஏற்படுத்திக் கொடுங்கள். பெரிய பேராசிரியரின் சொற்பொழிவு செய்யாததை, அதே ஒழுங்கையில் வளர்ந்த ஓர் அண்ணனின் "நானும் முதல் சோதனை கோட்டை விட்டனான்" என்ற ஒரு சொல் செய்யும். உடலின் நிலை என்பதும் சிறிய விடயமல்ல. வெறுவயிறும் நித்திரைக் குறைவும் தருகின்ற நடுக்கத்தைப் பிள்ளை தன் இயலாமை என்று எடுத்துக்கொள்ளும்.

புகழ்வதிலும் கவனம் தேவை. முல்லர், டுவெக் என்போர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், "நீ கெட்டிக்காரன்" என்று புகழப்பட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், கடினமான புதிர்களில் தவறிய பின் இலகுவான புதிர்களிலும் பின்வாங்கினர். "நன்றாக முயன்றாய்" எனப்பட்டவர்கள் முன்னேறினர்.

தொழிலைத் தெரிவு செய்வதிலும் இதே நம்பிக்கைதான் வேலி போடுகின்றது. பெற்ஸ், ஹக்கற் என்ற இரு பெண் ஆய்வாளர்கள் 1981இல், ஆண் பெண் மாணவரின் பரீட்சைத் திறமை ஒத்திருந்தும், ஆண்களுக்குரியவை எனப்பட்ட தொழில்களில் பெண்கள் தம்மால் முடியும் என்று நம்புவது குறைவாக இருந்ததைக் கண்டனர். எமது பெண்பிள்ளைகளுக்கும் "உனக்கேன் பொறியியல்?" என்று கேட்பவர்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றனர். தகப்பன் இல்லாத வீட்டில் பம்பைத் திருத்தி இயக்கி, கூலிக் கணக்குப் பார்த்து, மிளகாயைச் சந்தையில் விலைபேசி விற்ற பெண்ணுக்கு முகாமைத்துவம் வராது என்று யார் சொன்னது? கமக்காரக் குடும்பத்துப் பிள்ளைகள் இவற்றைத் திறமையாகக் கணக்கெடுப்பதேயில்லை. நேர்முகப் பரீட்சையிலும் வாய் திறந்து சொல்வதில்லை.

எல்லாவற்றையும் மனதின் தலையில் கட்டிவிடவும் கூடாது. விடுதிக் கட்டணமும் சாப்பாட்டுச் செலவும் மனத்திடத்தால் தீர்வன அல்ல. மகாபொல, நிதியுதவி விண்ணப்பங்களை உரிய திகதிக்குள் அனுப்ப வேண்டும். பகிடிவதையால் ஒதுங்கிய பிள்ளையைக் கோழை என்று ஏசாதீர்கள். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம். செல்வீச்சையும் சாவையும் கண்டு வளர்ந்த பிள்ளை உணவு, உறக்கம் இழந்து, வாழ்வே வேண்டாம் என்று பேசினால், இப்பாடத்தில் சொன்னவை போதா. தனியே விடாமல், அன்றைக்கே அரசினர் வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

சங்கக் கூட்டத்தில் இதை வாசித்தபின், உங்கள் கிராமத்திலிருந்து பல்கலைக்கழகத்திலும் தொழில்நுட்பக் கல்லூரியிலும் படிப்பவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். முதலாம் வருடத்தில் இருப்பவர் யார், அவருக்கு முன்னே போனவர் யார் என்று குறியுங்கள். அடுத்த விடுமுறையில் இருவரையும் ஒரு பின்னேரம் ஒன்றாக இருத்தித் தேநீர் கொடுப்பது யார் வீட்டில் என்பதையும் அன்றே முடிவு செய்யுங்கள்.