முன்னாள் வீரரின் மடிக்கு ஒரு போர்வை

சக்கர நாற்காலியில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவருக்குக் குளிர் முதலில் முழங்காலில்தான் ஏறும். அசையாத காலில் ரத்த ஓட்டம் மந்தம். போதாததற்கு, கோடையிலும் நிற்காத ஏ.சி. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் தங்கியிருக்கும் பராமரிப்பு இல்லங்களில் கையால் பின்னிய மடிப்போர்வையைப் பரிசாகக் கொடுப்பது பழைய வழக்கம். முதல் உலகப் போரின்போதே அங்கே செஞ்சிலுவைச் சங்கம் வீட்டுக்கு வீடு ஆட்களைக் காலுறையும் மப்ளரும் பின்ன வைத்தது. நியூ ஆர்லியன்ஸில் உள்ள இரண்டாம் உலகப் போர் அருங்காட்சியகம் 2006-இல், முன்னாள் வீரர்களுக்கு மப்ளர் பின்னித் தரும் இயக்கத்தைத் தொடங்கியது. பிள்ளை வீட்டுக்கு ஆறு மாதம் தங்கப் போய், பனி பொழிவதை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருக்கும் நம் அம்மாக்களுக்கு இதைவிட நல்ல வேலை எனக்குத் தோன்றவில்லை.

நூல் வாங்கும் முன் ஒரு போன்

முன்னாள் வீரர்களுக்கான அரசுத் துறை நடத்தும் இல்லங்கள், மாநில அரசுகள் நடத்தும் இல்லங்கள், வாஷிங்டனிலும் மிசிசிப்பியின் கல்ஃப்போர்ட்டிலும் இருக்கும் ஆயுதப்படை ஓய்வு இல்லம் என்று பல வகை உண்டு. ஒவ்வொன்றிலும் நன்கொடையையும் தன்னார்வலர்களையும் கவனிக்க ஆள் இருப்பார்கள். அவர்களிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இப்போது என்ன தேவை? என்ன அளவு? எந்த நூலை ஏற்பீர்கள்? போர்வை குவிந்து கிடந்து குல்லாய்க்குத் தட்டுப்பாடு இருக்கலாம். பெண் வீரர்கள் எத்தனை பேர் என்றும் கேட்டுவிடுங்கள். பின்னுகிறவர்கள் பெரும்பாலும் அவர்களை மறந்துவிடுகிறார்கள்.

நூல்

இல்லத்துச் சலவை இயந்திரம் இரக்கம் இல்லாதது. சுடுநீர், பெரிய டிரையர், எல்லாத் துணியும் ஒன்றாக. அசல் கம்பளி அதில் ஒருமுறை போய் வந்தால் சுருங்கித் தடித்துவிடும். அதனால், இயந்திரத்தில் துவைக்கலாம் என்று அட்டையில் அச்சிட்ட நடுத்தரத் தடிமன் அக்ரிலிக் நூலே சரி. விலை மலிவு, கடித்து எடுக்காது, கம்பளி அலர்ஜி உள்ளவருக்கும் ஆகும். ஒரு குறை உண்டு: தீ பட்டால் அக்ரிலிக் உருகித் தோலில் ஒட்டும். புகைபிடிப்பவருக்கோ ஆக்சிஜன் குழாய் வைத்திருப்பவருக்கோ என்றால், எந்த நூல் ஏற்கும் என்பதை இல்லத்திடமே கேட்டு வாங்குங்கள்.

நிறத்தில் அடர் நீலம், கரும்பச்சை, மெரூன், சாம்பல் நம்பகமானவை. வெளிர் ரோஜாவும் வெளிர் மஞ்சளும் தொட்டில் பிள்ளைக்கு. படை நடத்திய ஆளின் மடியில் அதைப் போட்டால் அவருக்குக் கூச்சமாக இருக்கும். சிவப்பு, வெள்ளை, நீலப் பட்டைகள் தாராளமாகப் போடலாம். ஆனால் தேசியக் கொடியையே போர்வையாகப் பின்னாதீர்கள். கொடியை உடையாகவோ படுக்கை விரிப்பாகவோ பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்கக் கொடிச் சட்டம் சொல்கிறது. முன்னாள் வீரர்கள் பலர் அதில் கண்டிப்பானவர்கள்.

மடிப்போர்வை

36 அங்குல அகலம், 45 அங்குல நீளம் பொதுவாகப் போதும். இதைவிட அகலமானால் ஓரம் சக்கரத்தில் சிக்கும். சுமார் 600 கிராம் நூல் பிடிக்கும். ஒரே நிறத்தை ஒரே சாய எண்ணில் மொத்தமாக வாங்கிவிடுங்கள். அடுத்த மாதம் போய் வாங்கினால் நிறம் சற்றே மாறிப் பட்டையாகத் தெரியும்.

நிட்டிங் தெரிந்தவர்கள் 5.5 மி.மீ. வட்ட ஊசி எடுத்துக்கொள்ளுங்கள். நேர் ஊசியில் இத்தனை எடையும் மணிக்கட்டில் வந்து இறங்கும். முதலில் 20 கண்ணி ஏற்றி நான்கு அங்குல உயரத்துக்கு ஒரு துண்டு பின்னி அளந்து பாருங்கள். அங்குலத்துக்கு நான்கு கண்ணி வந்தால் 144 கண்ணி ஏற்ற வேண்டும். உங்கள் கை இறுக்கமானால் கூட்டிக்கொள்ளுங்கள். பிறகு எல்லா வரியும் நிட், பர்லே வேண்டாம். வரியின் முதல் கண்ணியைப் பின்னாமல் ஊசி மாற்றிவிட்டால் ஓரம் சங்கிலிபோல் அழகாக அமையும். இந்தப் பின்னலுக்கு முன்பக்கம், பின்பக்கம் என்ற பேதமில்லை, ஓரம் சுருளாது, நடுவில் காற்று தங்கிச் சூடு நிற்கும். அலுப்பான வேலைதான். அலுப்புக்கு அஞ்சிப் பூப்போட்ட வலைப்பின்னலுக்குப் போய்விடாதீர்கள்: பெரிய ஓட்டைகளில் விரலும் பொத்தானும் மருத்துவக் குழாயும் மாட்டும்.

குரோஷா கைவந்தவர்களுக்கு அதே 5.5 மி.மீ. ஊசி. அடிச் சங்கிலியை மட்டும் 6 மி.மீ. ஊசியில் போடுங்கள், இல்லாவிட்டால் அடி இழுத்துக்கொண்டு போர்வை விசிறிபோல் விரியும். 36 அங்குலம் சங்கிலி போட்டு, கூட இரண்டு சங்கிலி சேர்த்து, ஊசியிலிருந்து மூன்றாவது சங்கிலியில் ஹாஃப் டபுளைத் தொடங்குங்கள். ஒவ்வொரு வரி முடிவிலும் இரண்டு சங்கிலி போட்டுத் திரும்புங்கள். பத்து வரிக்கு ஒருமுறை கண்ணிகளை எண்ணிவிடுவது நல்லது. ஓரத்தில் ஒன்று நழுவினாலும் போர்வை முக்கோணமாகிவிடும்.

குஞ்சம் வேண்டாம். பொத்தான், மணி, ரிப்பனும் வேண்டாம். நூல் இணைக்கும் இடத்தில் முடிச்சும் கூடாது: மணிக்கணக்கில் உட்காருபவரின் மெலிந்த தோலில் முடிச்சு அழுத்தினால் புண்ணாகும். புது நூலை வரியின் ஓரத்தில் சேர்த்து, வால்களை ஆறு அங்குலம் விட்டு, மொண்ணை ஊசியால் முன்னும் பின்னுமாக மூன்று திசையில் ஓட்டி மறையுங்கள். முதல் சலவையில் பிரிந்துவரும் போர்வைகள் எல்லாம் இந்த வாலில் சோம்பல்பட்டவைதான்.

குல்லாய்

ஒரு வாரத்தில் முடித்துக் கொடுக்க வேண்டுமானால் குல்லாய். 5 மி.மீ. வட்ட ஊசியில் 88 கண்ணி. சுற்றிச் சுற்றி இரண்டு நிட், இரண்டு பர்ல். எட்டு அங்குலம் வளர்ந்ததும் இரண்டிரண்டாகச் சேர்த்து 44 ஆக்குங்கள். ஒரு சுற்று அப்படியே பின்னி, மீண்டும் இரண்டிரண்டாகச் சேர்த்து 22. நூலை வெட்டி எல்லாக் கண்ணிகளிலும் கோத்து இறுக்கிக் கட்டிவிடலாம். இழுத்தால் விரியும் பின்னல் என்பதால் பெரும்பாலான தலைகளுக்குப் பொருந்தும். உச்சியில் பஞ்சுருண்டை வைக்காதீர்கள், தலையணையில் படுக்கும்போது உறுத்தும்.

பின்னிய செருப்புகளை நான் சிபாரிசு செய்யமாட்டேன். வழுவழுத் தரையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், பரிசு கொடுத்தவருக்கும் மனம் ஆறாது.

அனுப்பும் முன்

வாசனையில்லாத சோப்பில் துவைத்து டிரையரில் ஒருமுறை போட்டு எடுங்கள். சலவையில் வரும் கோளாறு உங்கள் வீட்டிலேயே தெரிந்துவிடட்டும். அக்ரிலிக்கை இஸ்திரி போட்டால் உருகி மொடமொடத்துப் போகும். நாஃப்தலீன் உருண்டை நெடியும், தாளிப்பு மணமும் நூலில் ஏறாமல் மூடிய பையில் வையுங்கள். என்ன நூல், எப்படித் துவைப்பது என்று சிறு சீட்டில் எழுதிக் கட்டுங்கள்.

நவம்பர் 11 முன்னாள் வீரர் நாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் பரிசுகள் வந்து குவியும். பிப்ரவரி 14 வரும் வாரத்தை மருத்துவமனைகளில் இருக்கும் முன்னாள் வீரர்களுக்கென ஒதுக்கியிருக்கிறார்கள். அப்போது கொடுக்கலாம், இல்லை ஆகஸ்டில், ஏ.சி. குளிருக்கு. பெட்டியில் ஒரு வாழ்த்து அட்டை வைத்தால் பெரிய எழுத்தில் நாலு வரி போதும். உங்கள் ஊர், யார் பின்னியது, எத்தனை நாள் ஆனது என்று எழுதுங்கள். எந்தப் போரில் இருந்தீர்கள் என்று கேட்க வேண்டாம்.