சுவர்ச் சித்திரமும் நடைபாதைத் தூய்மையும்

நகரத்துச் சுவர்களிலே மரமும் கொடியும் பறவையுந் தீட்டிவிட்டால் அவற்றின் அடியிற் குப்பை கொட்டுவாரின் கை கூசுமா என்பது இக்காலத்து நகரசபைகள் பலவற்றின் முன்னுள்ள வினா. சித்திரத்துக்குப் பொருளும் உழைப்பும் செலவாகின்றனவாதலின் இதனை விருப்பு வெறுப்பின்றி ஆராய்தல் தகும்.

சுவரோவியத்தை நின்று பார்த்துப் பேசுதல் தமிழர்க்குப் புதியதன்று. திருப்பரங்குன்றத்துக்குச் சென்றோர் ஆங்கிருந்த எழுத்துநிலை மண்டபத்திலே காமன், இரதி, அகலிகை முதலியோரின் உருவங்களைக் கண்டு ஒருவரையொருவர் வினாவி விளங்கிக்கொண்ட செய்தி பரிபாடலின் 19ஆம் பாடலிலே வருகின்றது. ஆனால் அது கோயிலைச் சார்ந்த மண்டபம். யாம் நோக்கப் புகுந்ததோ பேருந்து நிலையத்தின் பின்மதிலும் சந்தைக்குப் போகும் ஒழுங்கையுமாம்.

2009ஆம் ஆண்டிலே சென்னை மாநகராட்சி அண்ணா சாலையிற் சுவரொட்டிகளைத் தடைசெய்து, அவை இருந்த இடங்களிலே பண்பாட்டுக் காட்சிகளையும் இயற்கைக் காட்சிகளையும் தீட்டுவித்தது. நம் நாட்டிலோ 2019 நவம்பர் 16ஆம் திகதி நடந்த சனாதிபதித் தேர்தலை அடுத்து, எவரும் கூலி கொடாமலே இளைஞர் பலர் தூரிகையுங் கையுமாக வீதிக்கு வந்தனர். சில வாரங்களுள் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் பிறவூர்களிலும் சுவரொட்டிகள் சுரண்டப்பட்டு, யானையும் மயிலும் வயலுங் காடும் தோன்றின. போர்க்காட்சிகளைத் தீட்டியோரும் உளர். அவைபற்றி எழுந்த கருத்து வேறுபாடு இக்கட்டுரைக்குப் புறம்பானது.

இனிப் பரிசோதனைகளை நோக்குவாம். ஒல்லாந்து தேசத்துக் குறோனிங்கன் நகரிலே கைசர் என்பாரும் அவர்தம் துணைவரும் செய்து 2008இல் வெளியிட்ட ஆய்வு நம் பொருளுக்கு மிக அண்மையது. துவிச்சக்கரவண்டிகள் நிறுத்தும் ஒழுங்கையொன்றிலே ஒவ்வொரு வண்டியின் கைபிடியிலும் ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கட்டிவிட்டார்கள். குப்பைத்தொட்டி அங்கில்லை. சுவர் தூயதாயிருந்த நாளில் 33 வீதமானோர் அத்தாளை நிலத்தில் எறிந்தோ அயல் வண்டியில் மாட்டியோ சென்றனர். அதே சுவரிற் கிறுக்கல் இருந்த நாளில் அவ்வாறு செய்தோர் 69 வீதம். ஈண்டு ஒன்று கவனிக்கத்தக்கது: தூய சுவரிலே சித்திரம் யாதுமிருக்கவில்லை; வெறும் பூச்சே இருந்தது. எனவே 2019இல் நம் இளைஞர் செய்த பணியிற் பாதிப்பயன் தூரிகையை எடுப்பதற்கு முன்னரே, சுவரைச் சுரண்டிக் கழுவியபோதே, கிடைத்திருத்தல் கூடும் என்பது எம் கருத்து.

அப்படியாயிற் பூவும் இலையும் வீணோ? இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்திலே, தேநீருக்குரிய காசைத் தாமே இடும் பெட்டிக்கு மேலே ஒரு வாரம் பூக்களின் படத்தையும் மறுவாரம் மனிதக் கண்களின் படத்தையும் மாறிமாறி ஒட்டிப் பார்த்தனர். கண்கள் நோக்கிய வாரங்களிலே ஏறத்தாழ மும்மடங்கு காசு சேர்ந்ததென 2006இல் அறிவித்தனர். 2011இல் வெளியான மற்றோராய்விலே, உணவுச்சாலையிற் குப்பையை விட்டுச் செல்வதும் கண்படத்தின் முன் குறைந்தது; பூப்படம் தோற்றது. பின்வந்த ஆய்வுகள் யாவும் இதனை ஒருபடித்தாய் ஆதரிக்கவில்லை. அன்றியும், படமேயில்லாச் சுவரோடு பூப்படம் ஒப்பிடப்படவில்லையாதலால் பூவுக்கு ஆற்றல் இல்லையென முடிபுகட்டலும் ஆகாது. இயற்கையையே தீட்ட விரும்புவோர் விழித்துப் பார்க்கும் ஆந்தையொன்றை இலைகளிடையே வைத்தாற் குறைவொன்றுமில்லை! மதில்களிலே தெய்வ உருவம் பொறித்த ஓடுகளைப் பதித்துக் காவல் வைக்கும் வழக்கமும் இக்கண்ணின் ஆற்றலையே நம்பியது. ஆயினும் அசுத்தஞ் சேருமிடத்திலே தெய்வத்தை நிறுத்துவது எமக்கு உடன்பாடன்று.

சுவரே காற்றைத் தூய்மை செய்யும் என்பாரும் உளர். உரோமாபுரியிலே 2018இல் ஏறத்தாழ 1,000 சதுரமீற்றர்ப் பரப்பிற் பெரியதொரு நாரை அத்தகைய பூச்சினாலே தீட்டப்பட்டது. பூச்சிலுள்ள தைத்தானியம் ஈரொட்சைட்டு ஒளிபட்டதும் வாகனப்புகையின் நைதரசன் ஒட்சைட்டுக்களை நைத்திரேற்றாக மாற்றும். வேதியியல் மெய்யே. ஆனால் சுவரைத் தொடுங் காற்று மாத்திரமே மாறும். வீதியின் காற்றோ வீசிக் கடந்துவிடும். திறந்தவெளியில் இதனாற் பெரும்பயன் விளைந்தமைக்குச் சான்று அரிதென்றே பிரித்தானிய அரசின் காற்றுத்தர நிபுணர் குழுவும் 2016இற் கூறியது. நடப்போர்க்கு மரநிழல் இதனினும் நன்று.

நம் ஊர்ச் சுவர்களைப்பற்றி ஒரு சொல். கடலண்மையிலுள்ள மதில்களில் உவர் பூக்கும். நிலத்தின் ஈரம் கல்லினூடாக ஏறி, நீர் ஆவியாக, உப்பு எஞ்சிப் பளிங்காகிப் பூச்சைப் புறந்தள்ளும். ஈரத்தை வெளிவிடாத நெகிழிக் குழம்பைப் பூசினால் அது கொப்புளித்து உரியும். சுண்ணாம்புப் பூச்சோ ஈரத்தை வெளிவிடும். உரிந்த மயில் கிறுக்கலைப்போலவே கவனிப்பாரற்ற சுவரின் அடையாளமாகிவிடும். ஆதலால் ஒரு சித்திரத்தைத் தொடங்கும்போதே, மாரி கழிந்ததும் அதனைக் கழுவிச் செப்பனிடுவார் யார் என்பதையும் எழுதிவைத்தல் வேண்டும்.

பிரான்சிலும் போர்த்துக்கலிலும் மழைநீர் வாய்க்கால்களின் வாயருகே, கடல் இவ்விடத்தே தொடங்குகின்றது என்னும் பொருளமைந்த வாசகத்தைப் பொறிக்கின்றனர். மதிலளவு பூச்சு அதற்கு வேண்டியதில்லை. தாளை எறியக் குனிபவனின் கண் விழுமிடமும் அதுவே.