ஸ்பீக்கர் பாடலையா? பாதையைப் பாதியாக வெட்டுங்கள்!



கல்லூரி விழாவோ, ஊர் நோம்பியோ, கல்யாண வீடோ, "பாலிடெக்னிக் படிக்கிற பையன் இருக்கானே, அவனைக் கூப்பிடுங்க" என்று நம்மைத் தேடி ஆள் வருவது எப்போது? லேப்டாப்பில் பாட்டு ஓடும். வெளியே மாட்டிய ஸ்பீக்கரில் சத்தம் இருக்காது. அல்லது பாட்டோடு சேர்ந்து 'உம்ம்ம்' என்று ஓர் உறுமல் வந்து உயிரை வாங்கும்.

அந்த நேரத்தில் பத்துப் பேர் பத்து யோசனை சொல்வார்கள். ஒருத்தர் ஒயரை ஆட்டுவார். இன்னொருத்தர் லேப்டாப்பில் டிரைவரை அழிப்பார். மூன்றாமவர் ஆம்ப்ளிஃபயரின் மூடியைக் கழற்றுவார். ஐந்தே நிமிடத்தில் ஒரு கோளாறு மூன்றாகிவிடும்! நாம் அப்படிச் செய்யக் கூடாது. நமக்கென்று ஒரு முறை வேண்டும். அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதல் பாடம்: சத்தம் வரும் வழி

லேப்டாப்பில் ஓடும் பாட்டு முதலில் வெறும் எண்களாக இருக்கிறது. ஆபரேட்டிங் சிஸ்டம் அதை சவுண்ட் சிப்புக்கு அனுப்புகிறது. சிப் அதை மின் அலையாக மாற்றுகிறது. அது 3.5 மி.மீ. ஜாக் வழியாக ஒயருக்கு வந்து, ஆம்ப்ளிஃபயரில் பெரிதாகி, ஸ்பீக்கர் காயிலை அசைக்கிறது. சங்கிலி மாதிரி ஆறு கண்ணி. எங்கே அறுந்தாலும் சத்தம் இல்லை.

ஆறையும் வரிசையாகச் சோதித்தால் நேரம் போய்விடும். அதனால் நடுவில் வெட்டுங்கள். லேப்டாப்பிலிருந்து பிளக்கை உருவி, பாட்டு ஓடும் ஒரு செல்போனில் செருகுங்கள். (ஜாக் இல்லாத போனாக இருந்தால் பழைய எஃப்.எம். ரேடியோகூடப் போதும்.) பாட்டு வந்தால் ஒயர், ஆம்ப், ஸ்பீக்கர் மூன்றும் நல்லவை, கோளாறு லேப்டாப்பில். வரவில்லையென்றால் லேப்டாப்பை விட்டுவிடுங்கள். பாவம், அதன்மேல் பழி போட வேண்டாம். ஒரே சோதனையில் பாதி வேலை முடிந்தது!

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றி சத்தம் வந்துவிட்டால் எது சரியானது என்று யாருக்கும் தெரியாது. நாளைக்கு அதே கோளாறு திரும்ப வரும்.

கோளாறு லேப்டாப்பில் என்றால்

1. சத்தம் வேறு வழியில் போகிறதா என்று பாருங்கள். செமினார் ஹாலில் புரொஜெக்டரை எச்.டி.எம்.ஐ. கேபிளில் மாட்டினால், பல சமயம் சத்தமும் அந்தக் கேபிளிலேயே போய்விடும். பையில் கிடக்கும் புளூடூத் இயர்போன் தானாக இணைந்துகொண்டாலும் இதே கதைதான். டாஸ்க்பாரில் ஸ்பீக்கர் படத்தைத் தட்டி, சத்தம் எந்தக் கருவிக்குப் போகிறது என்று பார்த்து மாற்றினால் போதும்.

2. வால்யூம் மிக்சரைத் திறங்கள். மொத்த வால்யூம் நிறைய இருந்தும், பாட்டு ஓடுகிற புரோகிராம் மட்டும் மியூட்டில் இருக்கலாம்.

3. ஜாக்கினுள் டார்ச் அடித்துப் பாருங்கள். சேவூர், அவிநாசி, திருப்பூர் என்று நம் பக்கம் முழுக்கத் தறியும் பனியன் கம்பெனியும்தானே! பஞ்சுத் தூசி பறக்கிற இடத்தில் வைத்த லேப்டாப்பில், பிளக்கைச் செருகச் செருகப் பஞ்சு உள்ளே போய் இறுகிவிடும். பிளக் முழுசாக உட்காராது. லேப்டாப்பை அணைத்துவிட்டு, மரத்தாலான பல்குத்தும் குச்சியால் மெதுவாக எடுங்கள். ஊக்கு, ஊசி வேண்டாம். உள்ளே இருக்கும் மெல்லிய தகடு வளைந்துவிடும்.

4. டிரைவர் மேல் சந்தேகமா? பென்டிரைவில் லினக்ஸ் போட்டு அதிலிருந்து லேப்டாப்பை ஓட்டுங்கள். அதில் சத்தம் வந்தால் ஹார்டுவேர் நன்றாக இருக்கிறது; விண்டோசில் டிரைவரைத் திரும்பப் போட்டால் சரியாகும். அதிலும் வராவிட்டால் ஜாக்கோ சிப்போ போயிருக்கலாம். போர்டைக் கழற்றும் முன் யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு ஒன்றை மாட்டிப் பாருங்கள். விழா நாளில் அது கைகொடுக்கும்.

கோளாறு ஒயரில் என்றால்

ஸ்டீரியோ பிளக்கில் இரண்டு கறுப்பு வளையம், மூன்று உலோகப் பகுதி. நுனி இடது சேனல், நடு வளையம் வலது சேனல், அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான கிரவுண்டு. ஒரு பக்கம் மட்டும் பாடினால் நுனி அல்லது நடு வளையத்தின் இணைப்பு அறுந்திருக்கும்.

விந்தையான கோளாறு இன்னொன்று: தபேலா கேட்கிறது, வயலின் கேட்கிறது, பாடகர் குரலை மட்டும் காணோம்! பேய் பிசாசு இல்லை நண்பர்களே. கிரவுண்டு அறுந்துவிட்டால் இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே ஸ்பீக்கருக்குப் போகும். பாடகர் குரலைப் பெரும்பாலும் இரு பக்கமும் சமமாகப் பதிவு செய்வார்கள். சமத்தைச் சமத்திலிருந்து கழித்தால் பூஜ்யம், குரல் மறைகிறது. பிளக் பாதி மட்டும் செருகியிருந்தாலும், ஸ்டீரியோ ஒயரை மிக்சரின் பேலன்ஸ்டு மைக் இன்புட்டில் செருகினாலும் இதே நிலைதான். மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் வைத்து, ஒயரை வளைத்துக்கொண்டே சோதியுங்கள். பெரும்பாலும் பிளக்கின் கழுத்தில்தான் அறுந்திருக்கும்.

கோளாறு ஸ்பீக்கரில் என்றால்

ஆம்பை அணைத்து, ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றி மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் 6, 7 என்று காட்டும். 4 ஓம் ஸ்பீக்கர் 3-க்குச் சற்று மேலே காட்டும். குறைகிறதே என்று பயப்பட வேண்டாம். மீட்டர் காட்டுவது டி.சி. ரெசிஸ்டன்ஸ், ஸ்பீக்கரில் எழுதியிருப்பது இம்பீடன்ஸ். எதுவுமே காட்டாவிட்டால் காயில் அறுந்துவிட்டது. 1.5 வோல்ட் பென்சில் செல்லை ஒரு நொடி தொட்டால் 'டப்' என்ற சத்தம் வர வேண்டும். வால்யூமைத் திருகும்போது 'கரகர' என்றால் கன்ட்ரோலுக்குள் தூசி. கான்டாக்ட் கிளீனர் அடித்து நாலு தடவை திருகினால் போதும்.

உறுமல்: இங்கேதான் உயிர் இருக்கிறது

"ஏன்டா, எர்த் பின்னை ஒடிச்சு விட்டா உறுமல் நின்னு போகுதே! அப்பறம் என்ன?"

இந்தப் பேச்சைக் கேட்காத மைக் செட் இல்லை. உறுமல் நிற்கும் என்பது உண்மைதான். ஏன் என்று பார்ப்போம்.

லேப்டாப் சார்ஜரின் மூன்று பின் பிளக் ஒரு சாக்கெட்டில். ஆம்பின் பிளக் மேடைக்கு அந்தப் பக்கம் இன்னொரு சாக்கெட்டில். இரண்டு எர்த்துக்கும் நடுவே சிறு வோல்டேஜ் வித்தியாசம் இருக்கும். ஆடியோ ஒயரின் ஷீல்டு இரண்டையும் இணைத்தவுடன் ஒரு வளையம் உண்டாகி, அதில் 50 ஹெர்ட்ஸ் கரன்ட் ஓடும். பாட்டின் சிக்னலே சில நூறு மில்லிவோல்ட்தான். சில மில்லிவோல்ட் கலந்தாலே காதில் உறுமும். எர்த் பின்னை ஒடித்தால் வளையம் அறுகிறது, உறுமலும் நிற்கிறது.

ஆனால் கூடவே காவலும் போய்விடுகிறது! மூன்று பின் பிளக்கில் எர்த் பின் மட்டும் ஏன் நீளமாக இருக்கிறது? செருகும்போது முதலில் தொடவும், உருவும்போது கடைசியில் விடவும்தான். ஆம்பினுள் ஃபேஸ் ஒயர் உலோக உடம்பைத் தொட்டுவிட்டால், எர்த் வழியே பெருங்கரன்ட் பாய்ந்து ஃபியூஸ் போகும் அல்லது எம்.சி.பி. விழும். எர்த் இல்லையென்றால் 230 வோல்ட் அந்த உடம்பிலேயே கை வைப்பவருக்காகக் காத்திருக்கும். அந்தக் கரன்ட் ஷீல்டு ஒயர் வழியாக மைக்கின் உலோகத்துக்கும் வரும். வியர்த்த கையோடு மைக் பிடிப்பது நம் தங்கையாக இருக்கலாம். உடம்பின் ரெசிஸ்டன்ஸ் 2000 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 ÷ 2000 = 0.115 ஆம்பியர், அதாவது 115 மில்லிஆம்பியர். ஆளைக் காக்கும் ஆர்.சி.சி.பி. 30 மில்லிஆம்பியரிலேயே விழும்படி அமைக்கப்பட்டது என்பதை நினைத்துப் பாருங்கள்.

சரி, உறுமலுக்கு என்ன வழி?

முதலில் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டுங்கள். உறுமல் நின்றால் காரணம் சார்ஜர் பக்கத்து இணைப்பு. நிகழ்ச்சி முடியும் வரை பேட்டரியிலேயே ஓட்டலாம். இல்லையேல் லேப்டாப்பையும் ஆம்பையும் நல்ல எர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்சில் மாட்டுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஆடியோ ஒயரின் நடுவே கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் போடுங்கள். உள்ளே இருப்பது சின்ன டிரான்ஸ்பார்மர்தான். ஒயர் தொடர்பில்லாமல் காந்தப் புலம் வழியே பாட்டை மட்டும் கடத்தும். வெட்ட வேண்டியது சிக்னல் ஒயரின் வளையத்தை, எர்த்தை அல்ல.

இன்னொன்று. இரண்டு பின் சார்ஜரில் ஓடும் லேப்டாப்பின் உலோக உடம்பைத் தொட்டால் லேசாகச் 'சுருசுரு' என்று இருக்கும். டெஸ்டரும் மங்கலாக எரியலாம். அது சார்ஜரிலுள்ள வடிகட்டிக் கெப்பாசிட்டர் வழியே வரும் மிகச் சிறு கசிவு. ஆனால் மூன்று பின் ஆம்பின் உடம்பில் டெஸ்டர் எரிந்தால் எர்த் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். அந்த நொடியே மெயினை அணையுங்கள். பழைய வீடுகளிலும் பந்தலிலும் சாக்கெட்டில் மூன்று ஓட்டை இருக்கும், எர்த் ஒயர் இருக்காது. எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும் வரை பாட்டு நிற்கட்டும்.

நண்பர்களே, மூலத்தைக் கண்டுபிடிக்காமல் சத்தத்தை மட்டும் நிறுத்துவது ரிப்பேர் ஆகாது. அடுத்த நோம்பிக்கு உங்களை யாராவது கூப்பிட்டால் மல்டிமீட்டரோடு போங்கள். ஆம்பின் பிளக்கில் எர்த் பின் ஒடிந்திருந்தால் முதலில் பிளக்கை மாற்றுங்கள். பாட்டு அப்புறம் பாடட்டும்!

— மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் துறை