வானொலி அலையை அளப்போம், வாரீர்!

பத்தாம் வகுப்பு மாணவி

வானொலிப் பெட்டியின் குமிழைத் திருகி நமக்கு வேண்டிய நிலையத்தைப் பிடிக்கிறோம். முள் சற்று விலகி நின்றாலும் பாட்டு கேட்கிறது. நமக்கு அது போதும். ஆனால், "அந்த அலை ஒரு நொடிக்குச் சரியாக எத்தனை முறை அதிர்கிறது?" என்று கேட்டு, விடை காணும்வரை ஓயாதவர்களும் உலகில் இருக்கிறார்கள். அரசிடம் உரிமம் பெற்று, பொழுதுபோக்காக வானொலி நிலையம் நடத்தும் 'ஹாம்'களில் ஒரு சாராரே அவர்கள்.

அலை ஒரு நொடியில் அதிரும் எண்ணிக்கையே அதிர்வெண். அதன் அலகு ஹெர்ட்ஸ். மின்காந்த அலைகள் உண்டென்று சோதனை மூலம் காட்டிய ஜெர்மன் விஞ்ஞானி ஹென்ரிக் ஹெர்ட்ஸின் (1857–1894) பெயர் அது. நம் நாட்டு ஹாம்கள் பயன்படுத்தும் பட்டைகளுள் ஒன்று 7.000 முதல் 7.200 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ளது. எல்லை தாண்டினால் பிறருக்கு இடையூறு. ஆகவே தம் அலை எங்கே நிற்கிறது என்பதை ஒவ்வொரு ஹாமும் அறிந்திருக்க வேண்டும். இந்த ஆர்வலர்களோ, 70 லட்சம் அதிர்வுகளில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் கண்டுபிடிக்க விரும்புகிறார்கள். 7 கிலோமீட்டர் சாலையை ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகாமல் அளப்பதற்கு இது சமம்!

எப்படி அளக்கிறார்கள்?

256, 258 ஹெர்ட்ஸ் உள்ள இரண்டு இசைக்கவைகளை ஒன்றாக ஒலிக்கச் செய்தால், ஒலி நொடிக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். இவற்றை விம்மல்கள் என்று பௌதிகத்தில் படிக்கிறோம். வானொலி அலைக்கும் இதே விதிதான். அளக்க வேண்டிய அலையோடு, தமது அலையியற்றியின் அலையையும் ஏற்பியில் சேர்த்துக் கேட்கிறார்கள். இரண்டும் நெருங்க நெருங்க விம்மலொலி தாழ்ந்துகொண்டே போய்க் காதுக்கு எட்டாமல் மறையும். அதன் பின் மீட்டரின் முள் மெல்ல ஆடுவதைப் பார்த்து எண்ணலாம். 10 நொடியில் முள் மூன்று முறை ஆடினால் வேறுபாடு 0.3 ஹெர்ட்ஸ். இக்காலத்தில் கணிப்பொறித் திரையில் இதைக் கோடாகவும் காண்கிறார்கள்.

அளவுகோல் சரிதானா?

கடைக்காரரின் எடைக்கல்லுக்கு அரசாங்க முத்திரை வேண்டுமல்லவா? அலையியற்றியிலுள்ள குவார்ட்ஸ் படிகம் சூடு மாறினால் சற்றே பிறழும். எனவே அதை ஒரு திட்ட அலையோடு ஒப்பிடுகிறார்கள். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள டபிள்யூ டபிள்யூ வி நிலையம் 2.5, 5, 10, 15, 20 மெகாஹெர்ட்ஸ்களில் இத்தகைய அலைகளை அனுப்புகிறது. அதன் ஆதாரம் சீசியம் அணுக் கடிகாரம். சீசியம் கதிர்வீச்சின் 9,192,631,770 அதிர்வுகளே ஒரு நொடி என்று 1967-ஆம் ஆண்டு வரையறுக்கப்பட்டது. செயற்கைக்கோள்களிலுள்ள அணுக் கடிகாரங்களின் துணையையும் இன்று ஹாம்கள் பெறுகிறார்கள்.

அமெரிக்க ஹாம்களின் சங்கமான அமெரிக்கன் ரேடியோ ரிலே லீக் இதற்கெனத் தேர்வுகளே நடத்தியிருக்கிறது. குறித்த நேரத்தில் ஓர் அலை வரும். அதன் அதிர்வெண் யாருக்கும் சொல்லப்படாது. அவரவர் வீட்டிலிருந்து அளந்து எழுதி அனுப்ப வேண்டும். பிறகே உண்மை விடை வெளியாகும்.

வானம் தரும் விடை

இத்தனை கவனமாக அளந்தும் சில வேளை விடை சிறிது மாறி நிற்கும். கருவியிலும் குறையில்லை, அளந்தவரிடமும் குறையில்லை. பின் ஏன்? தொலைவிலிருந்து வரும் சிற்றலை, உயரே உள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்புகிறது. மாலையில் அந்தப் படலம் உயர்வதால் அலை வரும் வழி நீண்டு, அதிர்வெண் சற்றுக் குறைகிறது. காலையில் படலம் தாழ்வதால் சற்றுக் கூடுகிறது. இது டாப்ளர் விளைவு. பிழைபோலத் தெரிந்தது, வானத்தின் அசைவு!

விஞ்ஞானிகளுக்கும் இந்தச் சிறு வேறுபாடு தேவைப்பட்டது. 2019 அக்டோபர் 1 அன்று, டபிள்யூ டபிள்யூ வி நிலையத்தின் நூற்றாண்டையொட்டி, ஹாம்கள் பலர் அதன் 5 மெகாஹெர்ட்ஸ் அலையை நாள் முழுவதும் அளந்து பதிவு செய்தனர். 2024 ஏப்ரல் 8 அன்று வட அமெரிக்காவில் முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தபோதும் திட்ட அலைகளைப் பதிவு செய்தார்கள். வீட்டு மேசையில் எடுத்த அளவுகள் அயனி மண்டல ஆராய்ச்சிக்கு உதவின. எண்களை யாராவது 'சரியாக' மாற்றி எழுதியிருந்தால், வானம் சொன்ன செய்தி அழிந்தே போயிருக்கும்.

தோழியரே, சோதனைக்கூடத்தில் நமக்கு வரும் விடை புத்தகத்திலுள்ள எண்ணோடு ஒத்துவராதபோது கை ரப்பரைத் தேடுவது இயல்பு. அந்த நேரம் இவர்களை நினைப்போம். மீண்டும் ஒருமுறை அளப்போம், கருவியைச் சரிபார்ப்போம். அப்போதும் அதே எண் வந்தால் அதையே எழுதி, ஏன் என்று கேட்போம். 'அகல உழுவதை விட ஆழ உழுவது மேல்' என்பது பழமொழி. ஓர் அலையை ஆழ அளந்தவர்களுக்கு வானமே விடை சொல்லியது!