மூளைக் கலங்களும் ஒட்சியேற்ற எதிரிகளும்

மூளை உடல் நிறையில் நூற்றுக்கு ஏறக்குறைய 2 பங்கே. எனினும், உடல் கொள்ளும் ஒட்சிசனில் ஏறக்குறைய 20 பங்கை அதுவே செலவிடுகின்றது. அவ்வொட்சிசனிலிருந்து தோன்றும் சுயாதீன மூலிகங்கள் கலங்களின் கொழுப்புச் சவ்வைத் தாக்குவன. விற்றமின் ஈ போன்ற ஒட்சியேற்ற எதிரிகள் தம் ஐதரசனை ஈந்து அவற்றை அடக்கும்.

1982இல் கலிபோர்ணியாவில் நச்சுக் கலந்த போதைப்பொருளை உட்கொண்ட சிலர், பார்க்கின்சன் நோயாளர்போல் உடல் விறைத்து அசைவிழந்தனர். எம்.பீ.ரீ.பீ. என்னும் அந்நஞ்சு கலச்சுவாசத்தைக் குலைத்து, மூலிகங்களைப் பெருக்கி, நரம்புக் கலங்களை அழித்தமையே காரணம். இத்தகைய அழிவை ஒட்சியேற்ற எதிரிகள் தடுக்குமெனப் பலர் நம்பினர். ஆயின், 800 பார்க்கின்சன் நோயாளரைக் கொண்டு நடாத்தப்பெற்று 1993இல் வெளியான ஆய்வில், விற்றமின் ஈ நோயின் வளர்ச்சியைத் தாமதப்படுத்தவில்லை.

ஆய்வுகூடத்தில் மெய்யாவது நோயாளரிடத்தும் மெய்யாதல் வேண்டுமென்பதில்லை. மாணவர்காள்! இறந்த நரம்புக் கலம் மீளாது. நஞ்சை அணுகாமையே முதற் காப்பு.