நம்ம ஆளுக்கே ஓட்டா?

கேள்வி: 'விசுவாசி என்றால் கிறிஸ்தவ வேட்பாளருக்கே ஓட்டுப் போடணும்' என்கிறார்கள் எங்கள் சபையில். சரியா?
– வாசகி, கூத்தாநல்லூர்

பதில்: சரியில்லை, சகோதரி. மதத்தைச் சொல்லி வேட்பாளர் ஓட்டுக் கேட்பதே முறைகேடு என்கிறது 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். வாக்காளரின் மதமும் இதில் அடங்கும் என 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வேதமும் அப்படிச் சொல்லவில்லை. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களிடம், அந்த அந்நிய நகரத்தின் நலனைத் தேடச் சொன்னார் எரேமியா. உங்கள் ஊரோ சொந்த ஊர். இஸ்லாமியர் நிறைந்த ஊர். அவர்கள் நலனும் உங்கள் ஜெபத்தில் இருக்கட்டும்.

கொள்முதல் நிலைய வாசலில் நெல் நனைந்து முளைவிடும்போது விவசாயியோடு வந்து நின்றவர் யார்? கடைமடைத் தண்ணீருக்காகப் பேசியவர் யார்? அதைப் பாருங்கள். ஓட்டுக்குப் பணம் வந்தால் தொடாதீர்கள், வாங்குவதும் குற்றமே.